ஒன்றேகால் வினாடி

அறுபதாவது லெவல் பதினொரு பேரைத் தின்றுவிட்டு இன்னும் பசியோடு உட்கார்ந்திருந்தது.

அதைக் கட்டியவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கொழுந்தன் ஒருநாள் கேலியாக "லெவல்காரி" என்று கூப்பிடப்போக, அந்தப் பெயர் வீட்டிலிருந்து அலுவலகம்வரை நடந்துவந்து ஒட்டிக்கொண்டது. கைபேசியில் ஆடும் புதிர் விளையாட்டு ஒன்றுக்கு லெவல் கட்டுவது அவள் பிழைப்பு. பந்து, பலகை, கயிறு, கல், மணல் மூட்டை என்று சாமான்கள் எல்லாம் திரைக்குள்தான் இருக்கும். ஆனால் கல்லுக்குக் கல்லின் கனம் உண்டு, பலகை சாய்ந்தால் பந்து உருளும், கயிறு அறுந்தால் தொங்கியது விழும். ஆடுகிறவர் எப்படியாவது பந்தைக் கூடைக்குள் போட வேண்டும். சொல்லும்போது பிள்ளை விளையாட்டாகத்தான் தெரியும். மூன்று வாரம் உட்கார்ந்து கட்டியதை, பேருந்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஒருவர் முடித்துவிட்டு, "சுமார்" என்று எழுதிவிட்டுப் போவார். ஆறு வருடமாக இதே கதை. அவளுக்கு அலுத்துவிட்டது என்று சொன்னால் போதாது. அலுப்பும் அவளோடு எழுந்து, பல் தேய்த்து, அதே பேருந்தில் அலுவலகத்துக்குக் கிளம்பியது.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. கண்ணாடிச் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். லெவலைக் கட்டியவர் அதைத் தொடர்ந்து ஐந்து முறை முடித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகு, அந்த லெவலைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவர், யார் தயவும் இல்லாமல் ஒரு முறையாவது முடிக்க வேண்டும். அந்த ஆளுக்கு அங்கே "பச்சைக் கண்" என்று பெயர். ஒரு தடவை ஆடிப் பார்த்துவிட்டால் அந்தக் கண் வெந்துவிடும். வெந்த கண்ணைத் திரும்பப் பச்சையாக்க முடியாது, வேறு ஆளைத் தேட வேண்டியதுதான். பச்சைக் கண் ஆடும்போது கட்டியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பேசக் கூடாது. பெருமூச்சு விடக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கை தன்னால் எழுந்து திரையைக் காட்டிவிடும். எவ்வளவு நல்லவர் கையாக இருந்தாலும் காட்டிவிடும். ஆடுகிறவருடைய விரலை மேலிருந்து ஒரு கேமரா படம் பிடிக்கும்.

அவள் ஐந்து முறை முடித்தாயிற்று. ஐம்பது முறை கேட்டிருந்தாலும் முடித்திருப்பாள். பச்சைக் கண்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வெந்தன. வரவேற்பில் உட்காரும் பெண், கணக்குப் பிரிவில் இருவர், பார்சல் கொண்டுவந்தவர், மாடி வீட்டு வாத்தியார் என்று யாரையும் அவள் விட்டுவைக்கவில்லை. அவளுடைய சொந்த அக்கா அரைமணி நேரம் ஆடிவிட்டு, இதைக் கட்டினவள் கையை ஒடிக்க வேண்டும் என்றாள். கட்டினவள் பக்கத்திலேயே கையின்மேல் உட்கார்ந்திருப்பது அப்புறம் ஞாபகம் வந்து, சும்மா சொன்னேன் என்று மழுப்பினாள்.

லெவல் பார்ப்பதற்குச் சாதாரணமானது. நடுவில் முட்டுக்கொடுத்த நீளப் பலகை, சீசா மாதிரி. வலது முனையில் ஒரு மணல் மூட்டை. அதற்கு நேர் மேலே கயிற்றில் ஒரு கல். பந்தை உருட்டி இடது முனையில் கொண்டுவந்து நிறுத்தினால், மூட்டையும் பந்தும் சமமாகிப் பலகை மட்டமாக நிற்கும். அப்போது கயிற்றைத் தொட்டு வெட்டினால், கல் வலது பக்கம் விழும், இடது பக்கத்துப் பந்து துள்ளி உயரே இருக்கிற கூடைக்குள் போகும். ஒரே ஒரு தொல்லை, மூட்டையில் ஓட்டை. மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். நேரம் போனால் சமம் கெட்டு, பந்து உருண்டு கீழே போய்விடும்.

பதினொரு பேரும் இதை ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள். பந்தைச் சரியான இடத்தில் நிறுத்தினார்கள், கயிற்றை வெட்டினார்கள். பந்து துள்ளிப் போய், கூடையின் விளிம்பில் ஒரு விரற்கடை தள்ளி இடித்துக் கீழே விழுந்தது. மணல் கொட்டுவதைப் பார்த்து இன்னும் சீக்கிரம் வெட்டினார்கள். இன்னும் சீக்கிரம் விழுந்தது. பிறகு பலகையை நகர்த்தினார்கள், பந்தை மாற்றி வைத்தார்கள், தலையைச் சொறிந்தார்கள். அவள் உள்ளங்கை வலிக்க வலிக்க உட்கார்ந்து பார்த்தாள். அவர்கள் செய்வதற்கும் தான் செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அணித் தலைவருக்கு "தேதி" என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் வாயில் வேறு எதுவும் வராது. அவளைவிட எட்டு வயது சின்னவர். புதன்கிழமை காலையில் வந்து, வெள்ளிக்கிழமை சாயந்திரம் மொத்த விளையாட்டையும் இனி மாற்றமில்லை என்று பூட்டி அனுப்புவதாகவும், அதற்குள் ஒரு பச்சைக் கண்ணாவது முடிக்காவிட்டால் அறுபதாவதைத் தூக்கிவிட்டு வேறொருவர் கட்டிவைத்த உபரி லெவலை அங்கே போட்டுவிடலாம் என்றும், வருத்தப்பட வேண்டாம் என்றும் சொன்னார். மற்ற ஐம்பத்தொன்பதும் பட்டியல் கொடுத்துக் கட்டச் சொன்னவை. இது ஒன்றுதான் கடைசி லெவல், இது ஒன்றுதான் அவள் இஷ்டத்துக்குக் கட்டியது. இதையும் தூக்கிப் போட்டால், திங்கட்கிழமை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவது என்று அவள் அப்போதே முடிவு செய்தாள். கோபத்தில் செய்த முடிவு இல்லை. கோபப்படக்கூடத் தெம்பு இல்லாதவள் செய்த முடிவு.

பக்கத்தில் இருக்கிறவர்களில் அவள் இன்னும் கேட்காத பச்சைக் கண் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அது வீட்டில் இருந்தது.

அவள் கணவர் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியவர். அடுக்குமாடி கட்டும் இடங்களில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் கிரேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒற்றை ஆளாக இவர். எட்டு மாதத்துக்கு முன்பு கீழே இறங்கி வந்து ஒரு பழுதைப் பார்க்கும்போது, இரும்புக் கயிறு சுருண்டு அவர் வலது கையைப் பிடித்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது, நரம்புதான் இன்னும் முழுசாக வழிக்கு வரவில்லை. விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் யோசித்துவிட்டுக் கேட்கும், நடுங்கிக்கொண்டு கேட்கும். பயன்படுத்தப் பயன்படுத்தச் சரியாகும் என்றார் மருத்துவர். அதற்கெல்லாம் யார் காத்திருப்பது? காலையில் எட்டரைக்குப் பேருந்து. சட்டைப் பொத்தானை அவளே போட்டுவிட்டாள், தலையை வாரிவிட்டாள், செருப்பு வாரை மாட்டிவிட்டாள். மாத்திரைக்குத் தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்து, அவர் விரல்கள் அதைச் சுற்றிப் பிடிக்கும்வரை தன் உள்ளங்கையை அடியில் வைத்து நின்றாள். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை அவள் நன்றி என்று எடுத்துக்கொண்டாள்.

அவரை ஆடச் சொல்லிக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. பதினொரு பேர் தோற்றார்கள், போனார்கள், மறந்தார்கள். இவர் தோற்றால் அந்தத் தோல்வி இந்த வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அதோடு அவர் கைக்கு இது ஆகிற காரியமா என்ன? இதையெல்லாம் யோசித்துக்கொண்டு புதன்கிழமை சாயந்திரம் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"பச்சைக் கண்ணுக்கு ஆள் கிடைச்சுதா?"

"இல்லைங்க."

"எனக்கும் ரெண்டு கண்ணு இருக்கு," என்றார் அவர். "யாரும் கேக்கல."

வியாழக்கிழமை மதியம் அவள் அரைநாள் விடுப்பில் வந்தாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, டேப்லெட்டை வைத்து, அதன் தலைக்குமேல் கேமராவைத் தாங்கியில் பொருத்தினாள். விதியைச் சொன்னாள். தான் வாயைத் திறக்க மாட்டேன் என்றும், முகத்தைப் பார்த்துக் குறிப்பு எடுக்கக் கூடாது என்றும் சொன்னாள். எட்டு மாதமாக வாய் ஓயாதவள் இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். அவள் உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். இடது கையால் ஆடுங்கள் என்ற பேச்சு அவள் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் தடவை பந்து பலகைக்கே வரவில்லை, விரல் நழுவிவிட்டது. இரண்டாம் தடவை வந்தது. அவர் கயிற்றைத் தொடுவதற்குள் மணல் குறைந்து பந்து உருண்டுவிட்டது. மூன்றாம் தடவை அவசரப்பட்டார், விளிம்பில் இடித்தது. அப்புறம் அவர் வெகுநேரம் ஒன்றுமே செய்யவில்லை. கயிற்றை வெட்டாமல், பந்தை மட்டும் கொண்டுவந்து நிறுத்தி, அது நிற்பதையும் மணல் கொட்டுவதையும் கடைசியில் உருண்டு விழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி நிறுத்தினார், மறுபடி பார்த்தார். இப்படி எட்டு ஒன்பது தடவை. மனுஷன் கை வராமல் விட்டுவிட்டார், சொல்லச் சங்கடப்படுகிறார் என்று அவள் நினைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கை மரத்துப்போயிருந்தது. போதுங்க, எழுந்திருங்க என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தபோது, அவர் விரல் நடுங்கிக்கொண்டே போய்க் கயிற்றைத் தொட்டது. கல் விழுந்தது. பந்து துள்ளிக் கூடைக்குள் போய் விழுந்து, இரண்டு தடவை குதித்து அடங்கியது.

"விழுந்துடுச்சு," என்றார்.

அவள் கையை உருவிக்கொண்டு, அவர் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள். அப்புறம் அவர் தம்பிக்குப் போன் போட்டார். படித்தவர்கள் பதினொரு பேர் மண்ணைக் கவ்விய இடத்தில் அண்ணன் ஜெயித்த கதையை, தம்பி மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான் போலிருக்கிறது. ஏனென்றால் மூன்று தடவை சொன்னார். எட்டு மாதத்தில் அவர் குரல் பக்கத்து அறைவரை கேட்டது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தேதிக்கு வாயெல்லாம் பல். ஆள் புதுசு, வீடியோ இருக்கிறது, விதி முடிந்தது, இப்போதே பூட்டிவிடலாம் என்றார். அவளும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் பக்கத்து மேசையில் இருந்த, எல்லாரும் "தராசு" என்று கூப்பிடுகிறவருக்கு, ஏன் இவருக்கு மட்டும் விழுந்தது என்ற அரிப்பு அடங்கவில்லை. சாமான்களுக்கு எடை போடுவதும், எது எப்படி விழ வேண்டும் என்று கணக்கு எழுதுவதும் அவருடைய வேலை. பந்து ஒரு விரற்கடை தள்ளி விழுந்தால் தன் கணக்கில் பிழை என்று அவருக்குத் தூக்கம் வராது. பதின்மூன்று பேருடைய வீடியோக்களையும் வரிசையாகப் போட்டு, பந்து நின்ற நொடியிலிருந்து கயிறு வெட்டுப்படும் நொடிவரை எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாக அளந்தார். தோற்றவர்கள் எல்லாரும் அரை வினாடிக்குள் வெட்டியிருந்தார்கள். அவள் கணவர் ஒன்றேகால் வினாடி. அவளுடைய ஐந்து வீடியோக்களிலும், ஐந்திலும், ஒன்றேகால் வினாடி.

அப்புறம் விஷயம் தானாக விளங்கியது. பந்து வந்து உட்கார்ந்ததும் பலகை நின்றுவிட்டதாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் அதில் ஒரு மெல்லிய ஆட்டம் மிச்சம் இருக்கிறது; அது அடங்க ஒன்றேகால் வினாடி ஆகிறது. அடங்குவதற்குள் கல் விழுந்தால் பந்து ஒரு விரற்கடை தள்ளிப் போகும். இரண்டு வினாடிக்கு மேல் போனால் மணல் குறைந்து சமம் கெட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு. கொட்டுகிற மணலைப் பார்த்துவிட்டு அந்த இடுக்கில் யார் நிதானமாகக் காத்திருப்பார்கள்?

"கயிறுகிட்ட வந்து நீங்க எதுக்கு நிக்கறீங்க?" என்று தராசு கேட்டார்.

"நான் எங்கே நின்னேன்?"

அவர் வீடியோவை ஓட்டிக் காட்டினார். அவள் விரல் கயிற்றுக்கு முன்னால் வந்து, ஒரு கணம் நின்று, பிறகு தொட்டது. ஐந்திலும் அப்படியே. லெவலைக் கட்டும்போது ஒவ்வொரு சாமானையும் தன் கைக்கு ஏற்ற மாதிரித்தான் அவள் நகர்த்தி நகர்த்தி வைத்திருந்தாள். அந்தக் கை நின்று நின்று போகும் என்பது அவளுக்கே தெரியாது. எப்போது இந்தப் பழக்கம் வந்தது என்று யோசித்தாள். யோசிக்க ஒன்றுமில்லை. அன்று காலைகூட டம்ளரைக் கொடுத்துவிட்டு, அவர் விரல்கள் மூடுகிறவரை கையை அடியில் வைத்து நின்றாளே, அந்த நேரம்தான். எட்டு மாதம், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர், எத்தனை பொத்தான். வீட்டில் காத்திருந்து காத்திருந்து, அவள் கை வேலையிலும் காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுகையோடு அழுகையாக இன்னொன்றும் புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தாள். அவர் புதிரை அவிழ்க்கவில்லை. அவர் கை மெதுவாகப் போனது, அவ்வளவுதான். ஊரில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் திறக்கிற பூட்டை அவள் செய்துவைத்திருக்கிறாள். ஒரு சாவி அவளுடைய கை, இன்னொன்று அவருடைய கை.

அந்த வீடியோவை வைத்துப் பூட்டிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. தராசு வாய் திறக்க மாட்டார். ஆனால் வெளியே ஆடப்போகிற எல்லாரும் அந்தப் பதினொரு பேரைப் போல விளிம்பில் இடித்து இடித்து வெறுத்துப்போவார்கள். தங்கள் மேலேயே தப்பு என்று நினைப்பார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சாயந்திரம்வரை நேரம் கொடுங்கள் என்று தேதியிடம் கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், நாலு மணி என்றார்.

பெரிதாக ஒன்றும் மாற்றவில்லை. பலகையின் இடது முனைக்குக் கீழே ஒரு சிவப்புத் துணித் துண்டைத் தொங்கவிட்டாள். பலகையில் ஆட்டம் இருக்கிறவரை துணி படபடக்கும். அடங்கியதும் நேராகத் தொங்கும். தராசு அதற்கு எடை போட்டுக் கொடுத்தார், ஒரு இறகு எடை. மூன்று மணிக்குத் தரை துடைக்கிற அக்காவைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் இதற்கு முன்னால் எத்தனை தடவை கேட்டும், எனக்கெதுக்கு இந்த வம்பு என்று நழுவியவர். இரண்டு தடவை இடித்தார். மூன்றாவது தடவை, "இந்தத் துணி ஏன் சும்மா அடிச்சுக்குது?" என்று முணுமுணுத்தார். நாலாவது தடவை பந்து கூடைக்குள் விழுந்தது. அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு மணிக்குப் பூட்டினார்கள்.

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டு வந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் விளையாட்டு வெளியே வந்ததும் அவர் தம்பியோடு உட்கார்ந்து அறுபதாவதைத் திறப்பார், துணியைப் பார்ப்பார், ஏன் என்று கேட்பார். அப்போது தம்பிக்கு முன்னால் சொல்வதைவிட இப்போது தனியாகச் சொல்வது மேல் என்று தோன்றியது.

அவர் ஜன்னல் ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். பூட்டியாச்சா என்று கேட்டார். பூட்டியாச்சு என்றாள். பிறகு அவர் எதிரில் உட்கார்ந்து, பலகையின் ஆட்டத்தையும் ஒன்றேகால் வினாடியையும் சொன்னாள், தன் கை நின்றதையும் அது எங்கே கற்றுக்கொண்டது என்பதையும் சொன்னாள்.

"உங்க கையும் அப்படித்தாங்க," என்றாள் கடைசியில். "மெதுவா போச்சு. அதனாலதான் விழுந்துது. அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல."

அவர் தன் வலது கையைப் பார்த்தார்.

"அந்த வீடியோ வெச்சிருக்கியா?"

கைபேசியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். அவரே இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது விரலால் தேய்த்துத் தேய்த்து அந்தக் கடைசித் தடவைக்கு வந்தார். வர நேரமாயிற்று. அவள் கை இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை மடிக்குத் திரும்பியது.

"பாரு," என்றார்.

பந்து வந்து பலகையில் உட்கார்ந்தது. அந்த நொடியில் அவர் விரல் ஏற்கெனவே கயிற்றுக்கு மேலே வந்துவிட்டிருந்தது. திரையைத் தொடாமல், ஒரு நெல் உயரத்தில், அப்படியே நின்றது. நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு இறங்கித் தொட்டது. இதே வீடியோவை அவள் காலையில் நாலு தடவை பார்த்திருந்தாள். நடுங்கியதைத்தான் பார்த்தாள், நின்றதைப் பார்க்கவில்லை. தராசு எண்ணைச் சொன்னதும் போதும் என்று இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

"ஆடிட்டிருக்கற சுமையை யாராவது இறக்குவாங்களா?" என்றார் அவர். "பலகை அடங்கல. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரத்துல அடங்குதுன்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன். பத்தொன்பது வருஷம் மேல உக்காந்து இதைத்தானே பார்த்தேன். கீழ நிக்கறவன் போடு போடுன்னு கத்துவான். சுமை அடங்கணும், அப்புறம்தான் போடணும்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பதினொரு பேருக்கும், கணக்குப் போடுகிறவருக்கும், கட்டிய அவளுக்கும் தெரியாத ஆட்டத்தை அவர் வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறார். அவளோ பக்கத்திலேயே கையின்மேல் உட்கார்ந்துகொண்டு, பாவம், கை வரவில்லை என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள்.

"தப்பா நினைச்சுட்டேங்க."

"நேத்து ஒரு மணி நேரம் நீ சும்மா உக்காந்திருந்த பாரு," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அவளைப் போலவே அவரும் களைத்திருந்தார். "எட்டு மாசத்துல எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நல்லா மூச்சு வந்துது."

அவளுக்குச் சுருக்கென்றது. எட்டரைப் பேருந்தைப் பற்றிச் சொல்ல வந்தாள், தனக்கும் ஓய்வில்லை என்று சொல்ல வந்தாள். எல்லாம் உண்மைதான். "நான் விட்டா டம்ளர் கீழ விழுமே," என்று மட்டும் சொன்னாள்.

"விழட்டும். உன் பந்து எத்தனை தடவை விழுந்துச்சு?"

சிவப்புத் துணியைப் பற்றி அவரே கேட்டார். சொன்னாள். தெரியாதவர்களுக்கு அடையாளம் வேண்டும்தான், நல்ல வேலை செய்தாய் என்றார். லெவல் பிழைத்தும் ராஜினாமா எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை; அதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் மாத்திரையை எடுத்துவைத்து, தண்ணீர் டம்ளரை அவர் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளங்கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் அதைக் கவனித்தார். வலது கை மேசைமேல் ஊர்ந்து போய் டம்ளரைத் தொட்டது. விரல்கள் ஒவ்வொன்றாகச் சுற்றின. டம்ளர் எழுந்து, சாய்ந்து, கால்வாசித் தண்ணீர் மேசையில் கொட்டி விளிம்புக்கு ஓடி, அவள் மடியில் சொட்டியது. அவள் அசையவில்லை. அவர் டம்ளரை அப்படியே அந்தரத்தில் நிறுத்தி, ஆட்டம் அடங்கும்வரை பொறுத்து, பிறகு வாய்க்குக் கொண்டுபோனார்.

குடித்து முடித்து, எழுந்துபோய், துணியைத் தேடி எடுத்துவந்து அவரே மேசையைத் துடைத்தார். மூலையில் கொஞ்சம் ஈரம் விட்டுப்போயிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கையின்மேல் உட்கார்ந்திருந்தாள்.